ஒரு விரக்கடை இழுத்தா வரணும்

போன மாசம் என்னை ஆபீஸ்ல சால்வை போத்தி அனுப்பி வெச்சாங்க. கேக் வெட்டினோம், போட்டோ எடுத்துக்கினோம். புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, பவித்ரான்னு பேரு, கள்ளங்கபடம் இல்லாம ஒரு கேள்வி கேட்டுச்சு. "அண்ணே, ஹெட்டர் மேலயே ஒட்டிக்கினு நிக்கணும்னா ஒரு வரி எழுதினா முடிஞ்சுச்சு. மறையணும்னா கம்ப்யூட்டராண்ட சொன்னா அதுவே எழுதிக் குடுத்துடுது. அதுக்குப் போயி இத்தினி வருஷமா இன்னாத்துக்கு அவ்ளோ சண்ட போட்டீங்க?"

சுர்ருன்னு ஏறுச்சு எனக்கு. கோவம் எனக்கு மூக்கு மேலயே குந்தினு இருக்கும், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு வாய் நிறைய கேக் இருந்துச்சு. அதோட, பதில் சொல்லணும்னா நூரக்காவைப் பத்தி சொல்லணும். கேக் துன்னுகினே சொல்ற விஷயம் இல்ல அது. அதான் வூட்ல குந்தி எழுதறேன்.

ஹெட்டர்னா இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். போன்ல ஒரு கடையோட வெப்சைட்டைத் திறந்தா மேல ஒரு பட்டை இருக்கும் பாருங்க. கடை பேரு, படம், மூணு கோடு போட்ட மெனு எல்லாம் அதுல இருக்கும். அதான் ஹெட்டர். நீங்க விரலால பக்கத்தைத் தள்ளிக்கினு போகும்போது அந்தப் பட்டை அங்கயே நிக்கணுமா, இல்ல ஒதுங்கி வழி வுடணுமா? இந்த ஒரு கேள்விக்குத்தான் நானும் நூரக்காவும் பாதி ஆயுசைக் குடுத்தோம். சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்.

நான் பொறந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. படிப்பு மண்டையில ஏறல. ஒரு பிரஸ்ல கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிச்சுகினு இருந்தேன். அப்பால வெப்சைட்டுன்னு ஒண்ணு வந்துச்சு. பிரஸ்ல வேலை கொறைஞ்சுச்சு. சாயங்கால கிளாஸுக்குப் போயி கத்துக்கினு இந்தப் பக்கம் தாவிட்டேன். கத்துக்கின கதையில ஒண்ணும் இல்ல.

வேலைக்குச் சேந்தது வண்ணாரப்பேட்டைல. கீழ நைட்டி மொத்த வியாபாரம், முதல் மாடி குடோன், அதுக்கு மேல எங்க ஆபீஸ். படிக்கட்டுல எப்பவும் துணி மூட்டை கிடக்கும், தாண்டித் தாண்டித்தான் ஏறணும். ஓனரு கெட்ட மனுசன் இல்ல. ஆனா வந்த கஸ்டமரு போயிடுவானோன்னு எப்பவும் பதறுவாரு. டிசைனுக்கு ஹெட்டு நூர்ஜஹான், எல்லாருக்கும் நூரக்கா. ராயபுரத்துக்காரங்க. வூட்டுக்காரர் பஷீர் பாய் ஹார்பர்ல மூட்டை தூக்கி முதுகு போயி வூட்டோட இருந்தாரு. ஒரே பொண்ணு காலேஜுல படிச்சுகினு இருந்துச்சு. அக்கா சம்பளத்துலதான் வூடு ஓடுச்சு.

நல்லா கீதுன்னு அக்கா வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க. புடிச்சிருந்தா 'ம்'னு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான். புடிக்கலைன்னா மட்டும் எல்லாரு முன்னாடியும் "இன்னாடா தயா, இவ்ளோ கலீஜா கீது"ன்னு கேட்டுடுவாங்க. நானும் வுட மாட்டேன், எகிறுவேன். நாங்க ரெண்டு பேரும் கத்தறது கீழ நைட்டிக் கடை வரைக்கும் கேக்கும். அப்பால அக்காவே டீ சொல்லுவாங்க. சண்ட இல்லாத நாள்ல வேலை செஞ்ச மாதிரியே இருக்காது எனக்கு.

எந்த சைட்டா இருந்தாலும் அக்கா கம்ப்யூட்டர்ல பாத்து ஓகே சொல்ல மாட்டாங்க. ஆபீஸ் கூட்டற செல்வியக்காவோட போன்தான் வேணும். கண்ணாடி உடைஞ்சு டேப் ஒட்டின போன். அதை வாங்கினு போயி படிக்கட்டாண்ட நிப்பாங்க. ஒரு கையால கம்பியைப் புடிச்சுக்குவாங்க, பஸ்ல நிக்கற மாதிரி. இன்னொரு கையில போன். கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்யணும். "நம்ம சைட்ட பாக்கறவன் ஏசி ரூம்ல குந்திகினா பாக்கப் போறான்? பஸ்ல தொங்கினுதான் பாப்பான்"னு சொல்லுவாங்க.

பக்கத்தை மேல தள்ளிப் படிச்சுகினு போகும்போது ஹெட்டர் ஒதுங்கிடணும். விரலைக் கீழ இழுத்தா திரும்ப வந்து நிக்கணும். கேக்கறதுக்கு சுளுவா இருக்கும். ஆனா செஞ்சு பாத்தாதான் அதுல இருக்கற பேஜாரு தெரியும். பஸ் குலுங்கும், விரல் ஆடும். விரல் ஆடினதுக்கெல்லாம் ஹெட்டர் வந்து வந்து போனா படிக்கறவனுக்குத் தலை சுத்தும். அதுக்கு அக்கா ஒரு அளவு வெச்சிருந்தாங்க. ஒரு விரக்கடை. ஒரு விரல் அகலம் இழுத்தாதான் ஹெட்டர் வரணும். அதுக்குக் கம்மியா இழுத்தா வரவே கூடாது. நான் அதைக் கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு வெச்சிருந்தா போதும், படிக்கட்டுலேருந்தே சத்தம் வரும். "தயா, இது அரை விரக்கடைலயே வந்துடுச்சு. இன்னா அவசரம் அதுக்கு?" நான் கம்ப்யூட்டர்ல அளந்து பாப்பேன். அரைதான் இருக்கும்.

இன்னும் கீது. மெனு திறந்திருக்கும்போது ஹெட்டர் நகரக் கூடாது. பக்கத்தோட உச்சிக்கு வந்துட்டா கேக்காமலே வந்து நிக்கணும். வரும்போதும் போகும்போதும் கீழ இருக்கற எழுத்து எகிறிக் குதிக்கக் கூடாது, படிச்சுகினு இருந்த வரி வுட்டுப் போயிடும். அக்கா இதுக்கெல்லாம் ஒரே உதாரணம்தான் வெச்சிருந்தாங்க. எங்க ஆபீஸாண்ட ஒரு மெஸ்ஸுல பெரியவர் ஒருத்தர் பரிமாறுவாரு. நாம துன்னும்போது தலைக்கு மேல நிக்க மாட்டாரு. நாம நிமிந்தா குழம்பு வாளியோட எதிர்ல நிப்பாரு. "அந்த மனுசன் மாரி இருக்கணும் ஹெட்டர்"னு சொல்லுவாங்க.

நானு முதல்ல இதை வெறும் பிடிவாதம்னு நெனைச்சேன். ஒரு மத்தியானம் ரெண்டு பேரும் சாப்புட்டு வந்துகினு இருந்தோம். சந்துல ஒருத்தர் மூணு சக்கர மீன்பாடி வண்டியில துணி மூட்டை ஏத்திக்கினு "ஓரம், ஓரம்"னு இடது பக்கமா வந்தாரு. அக்கா காதுல வுழுந்துச்சு, நின்னாங்க. ஆனா எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு தெரியாம வண்டி வர்ற பக்கமே காலை வெச்சாங்க. நான் கையைப் புடிச்சு இழுத்தேன். மூட்டை அவங்க தோளை உரசினு போச்சு. வண்டிக்காரரு திட்டிட்டுப் போனாரு.

அக்கா செவுத்துல சாஞ்சு நின்னாங்க. அப்பால சொன்னாங்க. "கண்ணுல பிரஷர் தயா. சைடுல இருட்டிக்கினு வருது. நடுவுல மட்டும்தான் தெரியுது, அதுவும் எழுத்தைப் பெருசு பண்ணா." போனது திரும்பி வராதாம், இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து வுடணுமாம், டாக்டரு சொல்லிட்டாராம். "ஓனராண்ட மட்டும் சொல்லிடாத. சம்பளத்துக்காக மட்டும் சொல்லலடா. இந்த வேலை இல்லன்னா நான் யாரு? சொல்லு பாப்போம்."

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. போன்ல எழுத்தைப் பெருசு பண்ணா ஹெட்டரும் கூடவே பெருசாவும். அது ஒதுங்காம நின்னுச்சுன்னா முக்கால் ஸ்கிரீனை அதுவே அடைச்சுக்கும். கீழ ஒரு வரி ரெண்டு வரிதான் மிச்சம். அக்காவுக்கு ஹெட்டர் ஒதுங்கினாத்தான் படிக்கவே முடியும். ஒதுங்கலைன்னா அவங்களுக்கு அந்தப் பக்கமே பூட்டின கடை மாதிரிதான். அன்னிலேருந்து நான் அவங்க இடது பக்கமாத்தான் நடந்தேன். கலர் மாத்தம் இருந்தா வாயால சொன்னேன். சண்டையை மட்டும் வுடல, வுட்டிருந்தா அக்கா அழுதிருப்பாங்க.

அந்த சமயத்துலதான் வேட்டிக்கடை வேலை வந்துச்சு. ரொம்ப வருஷத்துக் கடை. ஆரம்பிச்சவரு தலையில துணி சுமந்து தெருத்தெருவா வித்தவராம். அவரு போயிச் சேந்து கொஞ்ச காலம் ஆயிருந்துச்சு. இப்ப மகன்தான் முதலாளி. பேச்சு கம்மி, வெத்தலை போடுவாரு, யாரையும் நீ வா போன்னு சொல்ல மாட்டாரு. கடையில கல்லாவுக்கு மேல அப்பா படம், சந்தன மாலை, சின்ன பல்பு. கடை திறந்ததும் முதலாளியிலேருந்து மூட்டை தூக்கறவரு வரைக்கும் படத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினுதான் வேலையைத் தொடுவாங்க. பெயிண்ட் அடிக்கும்போது கூட அந்தப் படத்தை இறக்க மாட்டாங்க. சுத்திதான் அடிப்பாங்க. படத்தைச் சுத்தி பழைய கலர் ஒரு வரம்பு மாதிரி தெரியும், நானே பாத்திருக்கேன்.

சைட்டுக்கு அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா படம் மேல இருக்கணும். வெச்சோம். ஹெட்டர்ல கடை பேரு, பக்கத்துல மாலையோட அப்பா. நானும் அக்காவும் ஒரு மாசம் ஒழைச்சோம். வெளியூர்லேருந்து வாங்கற சில்லறை வியாபாரிங்கதான் அதுல ஆர்டர் போடுவாங்க, பாதிப்பேரு வயசானவங்க. ஹெட்டர் ஒதுங்கறதும் வர்றதும் அவ்ளோ பதமா வந்துச்சு. படிக்கட்டுலேருந்து அக்கா ஒரு 'ம்' சொன்னாங்க, எனக்கு அன்னிக்குப் பசியே எடுக்கல.

காட்டறதுக்கு வேட்டிக்கடை மாடிக்குப் போனோம். ஓனரு, அக்கா, நானு. முதலாளி போனைக் கையில வாங்கி அப்பா படத்தைப் பாத்து சந்தோசப்பட்டாரு. விரலால மேல தள்ளினாரு. வேட்டி வந்துச்சு, துண்டு வந்துச்சு. அவரு முகம் சுருங்கிடுச்சு.

"எங்கப்பா எங்க போனாரு?"

அக்கா மெதுவாச் சொன்னாங்க. "எங்கயும் போகல ஐயா. ரவ கீழ இழுங்க, வந்துடுவாரு."

"நான் இழுத்தாத்தான் வருவாராம்மா? அவரு மேலயே இருக்கணும்."

"படிக்கறவங்களுக்கு எடம் வேணுங்கய்யா. மெஸ்ஸுல பரிமாறுறவரு ஒதுங்கி நின்னு, கூப்புட்டா வர்ற மாரி..."

"எங்கப்பா பரிமாறுறவரா?"

ஓனரு நடுவுல பூந்து, "இல்ல ஐயா, ஒட்டி நிக்கற மாதிரியே பண்ணிடலாம், ஒரு நிமிசம் வேலை"ன்னுட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மாடியிலேருந்து குதிச்சிருப்பேன். ஆனா காசு குடுக்கறவரு கேட்டா செஞ்சு குடுக்கணுமில்ல, அங்கயே லேப்டாப்பைத் திறந்து ஒட்டி நிக்கற மாதிரி மாத்தினேன். முதலாளி தள்ளிப் பாத்தாரு. அப்பா அசையல. அவருக்கு நிம்மதி ஆச்சு.

அக்கா மட்டும் வுடல. "ஐயா, உங்க வியாபாரிங்க எத்தினி பேரு எழுத்தைப் பெருசு பண்ணி பாக்கறாங்கோ தெரியுமா? அவங்களுக்கு வேட்டியே தெரியாது."

"யாரும்மா அப்டிப் பாக்கறாங்க? எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லியே."

அக்கா என் பக்கம் திரும்பினாங்க. நான் தலையை ஆட்டினேன், வேணாம்னு. அவங்களுக்கு அது தெரிஞ்சுச்சோ இல்லியோ. தன் பையிலேருந்து தன் போனை எடுத்தாங்க. அது வரைக்கும் ஆபீஸ்ல யாரும் அந்தப் போனைத் தொட்டதில்ல. அதுல அதே சைட்டைத் திறந்து முதலாளி கையில குடுத்தாங்க. அதுல எழுத்து ஒவ்வொண்ணும் கட்டைவிரல் தண்டிக்கு இருந்துச்சு. ஸ்கிரீன் முழுக்க ஹெட்டர்தான். கீழ ஓரத்துல 'வேட்டி'ங்கற எழுத்தோட தலை மட்டும் தெரிஞ்சுச்சு.

"இப்டித்தான் தெரியும் ஐயா. ஒண்ணும் வாங்க முடியாது."

ஓனரு கேட்டாரு. "யாரு போன்கா இது?"

யாரோட போனோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தி போனு, மாமியா போனுன்னு ஆயிரம் சொல்லலாம். அக்கா சொன்னாங்க, "என்னுது."

ஓனரு அக்கா முகத்தையே பாத்துகினு இருந்தாரு. முதலாளி மட்டும் எங்களைக் கவனிக்கவே இல்ல. அவரு அந்தப் போனை ரெண்டு கையாலயும் ஏந்திப் புடிச்சிருந்தாரு. அதுல அவங்கப்பா முகம் உள்ளங்கை அளவு இருந்துச்சு. மாலையில ஒவ்வொரு சந்தனச் சுருளும் தெரிஞ்சுச்சு. அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போன் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாரு.

"எவ்ளோ பெருசா தெரியறாரு பாத்தீங்களாம்மா. இப்டியே இருக்கட்டும். எப்பவும் இப்டியே இருக்கட்டும்" அப்டின்னாரு.

அவரு மேல கோவப்படக் கூட எனக்கு வழி இல்லாம போச்சு. அப்பனை நெனைச்சு அழற மனுசனை இன்னான்னு திட்டறது? அக்கா கையை நீட்டி போனை வாங்கிப் பையில வெச்சுக்கினாங்க.

அடுத்த வாரமே ஓனரு அக்காவை உள்ள கூப்புட்டாரு. திட்டல, கொள்ளல. "ரெஸ்ட் எடுங்கக்கா, கண்ணு முக்கியம்"னு சொன்னாராம். அன்பாத்தான் சொல்லியிருக்காரு. அதான் ஆத்தாமையா இருந்துச்சு, எகிறவும் முடியல. நான் போயிக் கேட்டேன், பாதி நாள் வேலையாவது குடுங்க, பாத்து ஓகே பண்ணவாவது வெச்சுக்கோங்கன்னு. "பாக்கறதுக்கா தயா?"ன்னு திருப்பிக் கேட்டாரு.

கடைசி நாள் அக்கா கூட படி இறங்கினேன். மூட்டை கிடந்துச்சு, கையைப் புடிச்சேன். "வுடுடா. இந்தப் படியில உன்னை வுட நான் அதிகமா நின்னிருக்கேன்"னு உதறினாங்க. கம்பியைப் புடிச்சுக்கினு ஒவ்வொரு மூட்டையா காலால தொட்டுத் தொட்டு இறங்கினாங்க. நைட்டிக் கடையில எல்லாரும் எழுந்து நின்னாங்க. நான் மேல வந்து செல்வியக்கா போனை வாங்கினு படிக்கட்டாண்ட நின்னேன். அன்னிக்கு அழுதேன். அதுக்கப்புறம் அந்த எடத்துல நின்னு பாத்தது நான்தான், கத்தினதும் நான்தான். பவித்ரா கேட்ட சண்ட இதுதான்.

ரிட்டயர் ஆன மறுவாரம் ராயபுரம் போனேன். அடிக்கடி போறதுதான். பொண்ணு கல்யாணமாகி அம்பத்தூர்ல இருக்கு. பஷீர் பாய் முதுகை வளைச்சுகினு டீ போட்டுக் குடுத்தாரு. வெளிய ஹார்பர் லாரிங்க வரிசையா நின்னு ஹாரன் அடிச்சுகினு இருந்துச்சு. அக்காவுக்கு இப்ப வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். ஜன்னல் பக்கம் முகத்தை வெச்சுக்கினு குந்தியிருந்தாங்க. போன் அவங்களுக்குப் படிச்சுச் சொல்லுது, அதுல பாட்டு கேப்பாங்க, செய்தி கேப்பாங்க. பழைய வேலையைப் பத்தி மட்டும் இத்தினி வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்ல.

அன்னிக்குக் கேட்டாங்க.

"அந்த வேட்டிக்கடை சைட்டு கடைசில இன்னா பண்ணீங்க தயா?"

அது இன்னும் அப்டியேதான் கீது. நான்தான் முடிச்சுக் குடுத்தேன், ஒட்டி நிக்கற மாதிரி. வருஷா வருஷம் வேட்டி மாறும், விலை மாறும், மேல அவரு மாற மாட்டாரு. ஆனா அக்கா முகத்தைப் பாத்தா எனக்கு வாய் வரல.

"நீங்க சொன்ன மாதிரியே பண்ணோம்க்கா. மனுசன் அப்பால ஒத்துக்கினாரு."

அக்கா 'ம்'னாங்க. எத்தினி வருஷம் ஆச்சு அந்த 'ம்' கேட்டு. அப்பால கையை நீட்டினாங்க.

"குடு. ஒரு தபா தள்ளிப் பாக்கறேன்."

என் போன்ல சைட்டைத் திறந்து அவங்க கையில வெச்சேன். இடது கையால ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கினாங்க. அதே மாதிரி. கட்டைவிரலால மேல தள்ளினாங்க.

"போயிட்டாரா?"

"போயிட்டாருக்கா."

அவரு மாலையோட அங்கயேதான் இருந்தாரு. அக்கா இன்னும் தள்ளினாங்க. வேட்டி, துண்டு, சட்டைத்துணி எல்லாம் அவருக்குக் கீழ ஓடுச்சு. அப்பால விரல் நின்னுச்சு. லேசா, ரொம்ப லேசா கீழ இழுத்தாங்க.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா."

அக்கா விரலைக் கண்ணாடி மேலேருந்து எடுக்கல.

"நான் இன்னும் ஒரு விரக்கடை இழுக்கலியேடா தயா."

லாரி ஹாரன் மட்டும் கேட்டுகினு இருந்துச்சு. பஷீர் பாய் அடுப்பாண்டயிருந்து எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. அக்கா போனோட மேல் ஓரத்தைக் கட்டைவிரலால மெதுவாத் தடவினாங்க, அந்தப் படம் இருக்கற எடத்துல.

"அப்ப மேலயே கீறாரா?"

"கீறாருக்கா. மேலயே."

"சரி, இருக்கட்டும்"னு போனை என் கையில குடுத்தாங்க.